வாசகர் கேள்விகள்: இந்த கார்டை யார் போட்டது?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வாட்ஸ்அப் பஞ்சாயத்து. மாமனார், மச்சான், கிளை மேலாளர் எல்லாரும் இந்தப் பத்திரிகையைப் படிப்பார்கள் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஒரு தலைவர் சொன்னதாக ஒரு நியூஸ் கார்டை என் மாமனார் குடும்பக் குரூப்பில் போட்டார். அது போலி என்று என் தம்பி அங்கேயே எழுதிவிட்டான். இப்போது இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பார்த்தவுடனே போலியைக் கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகி, திண்டுக்கல்)

பார்த்தவுடனே மாட்டிக்கொள்ளும் போலி, சோம்பேறி செய்த போலி. கெட்டிக்காரன் செய்ததைப் பார்வையால் மட்டும் பிடிக்க முடியாதம்மா.

நியூஸ் கார்டு நம் சேனல்கள் நமக்குப் பழக்கிவிட்ட பண்டம். மேலே சேனல் முத்திரை, நடுவில் தலைவர் முகம், பக்கத்தில் இரண்டு வரி, ஓரத்தில் தேதி. பழைய கார்டு ஒன்றை எடுத்து, எழுத்தை அழித்து, வேறு வரியை ஒட்டினால் புதுச் செய்தி தயார். புதிய தலைமுறை, தந்தி டிவி, நியூஸ் 7, பாலிமர் என்று பெரிய சேனல்கள் எல்லாவற்றின் பெயரிலும் இப்படிப் போலிகள் வந்திருக்கின்றன. அவர்களும் அதே படத்தின் மேல் சிவப்பில் 'போலி' என்று முத்திரை குத்தி வெளியிடுகிறார்கள். சிலர் அந்த முத்திரையையும் வெட்டிவிட்டு மறுபடி அனுப்புகிறார்கள் என்பது வேறு கதை.

நான் நாளிதழில் உதவி ஆசிரியராகக் காலம் தள்ளியவன். அதனால் என் கண் முதலில் ஒற்றுப்பிழைக்கும் எழுத்துருவுக்கும்தான் போகும். ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவசரத்தில் நிஜ சேனல்காரரும் ஒற்றெழுத்தை விட்டுவிடுவார். அடுத்து, அந்தத் தேதியில் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அந்த கார்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்கும் அடுத்து ஒரு கேள்வி: இதை அவர் எங்கே பேசினார்? பொதுக்கூட்டமா, விமான நிலையப் பேட்டியா, சட்டமன்றமா? இடம் தெரிந்தால் முழுப் பேச்சும் யூடியூபில் பெரும்பாலும் கிடைத்துவிடும். இடமே இல்லாமல் 'ஆவேசம்', 'பரபரப்புப் பேச்சு' என்று மட்டும் இருந்தால் நான் அதைத் தொடுவதில்லை.

எனக்கு முழுப் போலியைவிட அதிகத் தலைவலி தருவது வேறு வகை. கார்டு நிஜம், சேனல் நிஜம், வரியும் அவர் சொன்னதுதான். ஆனால், "அப்படிச் சிலர் சொல்கிறார்கள், அது தவறு" என்று அவர் முடித்திருப்பார். முன்பாதி மட்டும் கார்டில் ஏறியிருக்கும். அதற்கு எந்தச் சேனலும் 'போலி' முத்திரை குத்தாது.

உங்கள் தம்பி செய்தது சரியான வேலை, தப்பான இடம். மாமனாருக்குத் தனியாக ஒரு போன் போட்டிருக்கலாம். இருபது பேர் முன்னால் திருத்தப்படுவதை எந்த மனிதரும் பொறுக்க மாட்டார்.

2023-இல் வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. எங்கள் யூனிட்டிலும் ஆட்கள் மூட்டை கட்டினார்கள். எல்லாம் பொய் என்று போலீஸ் சொல்லியும் ஏன் எடுபடவில்லை? (பின்னலாடை யூனிட் உரிமையாளர், திருப்பூர்)

அந்த விவகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் சுற்றிய வீடியோக்களில் இரண்டை எடுத்து, அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு தரப்பாக மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். ஆக, வீடியோவில் இருந்த அடிதடி நடந்ததுதான். அதற்குக் கீழே எழுதிய வரிதான் பொய். "வீடியோவையே பார்த்தேன் சார்" என்று சொல்லும் ஒருவரிடம் "அது பொய்" என்றால் எப்படி ஏற்பார்? தன் கண்ணையே சந்தேகப்படச் சொல்கிற மாதிரி இருக்கும்.

நேரமும் ஒத்துவந்தது. மார்ச் 8 ஹோலி. எப்படியும் ஊருக்குப் போகிறவர்கள் ரயில் நிலையத்தில் குவிந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் படம் பிடித்து 'உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்' என்று போட்டால் யார் மறுப்பது?

பிறகு அரசியல். மார்ச் 1-ஆம் தேதி சென்னையில் நடந்த ஸ்டாலின் பிறந்தநாள் கூட்டத்துக்குப் பீகார் துணை முதல்வராக இருந்த தேஜஸ்வி யாதவ் வந்திருந்தார். "நம் ஆட்களை அங்கே அடிக்கிறார்கள், இவர் அங்கே போய்க் கேக் சாப்பிடுகிறார்" என்று பாட்னாவில் பேச அது வாகாக அமைந்துவிட்டது. விவகாரம் பீகார் சட்டமன்றம் வரை போய், அங்கிருந்து நால்வர் குழு ஒன்று இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. நம் பக்கம் அன்று முதல்வராக இருந்த ஸ்டாலின், அன்றைய பீகார் முதல்வர் நிதீஷ் குமாருடன் போனில் பேசினார். போலீஸ் இந்தியில் விளக்கம் கொடுத்தது, உதவி எண்களை அறிவித்தது. உங்களைப் போன்றவர்கள் தொழிலாளர்களையே பேசவைத்து வீடியோ போட்டீர்கள். என் கணிப்பில், டி.ஜி.பி. அறிக்கையைவிட அதிகம் வேலை செய்தது அதுதான். கூடத் தையல் மெஷினில் உட்கார்ந்தவன் போஜ்புரியில் "நான் நல்லா இருக்கேன், பயப்படாதே" என்று தன் அம்மாவுக்குச் சொல்வதும், தொப்பி போட்ட அதிகாரி சொல்வதும் ஒன்றாகுமா?

ஒன்றை மட்டும் நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். அதற்கு முந்தைய மாதம்தான், ஓடும் ரயிலில் ஒரு ஆள் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கும் வீடியோ வந்தது. அது நிஜம், ரயில்வே போலீஸ் வழக்குப் போட்டது. 'வடக்கன்' மீம்களை நம் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ஷேர் செய்துகொண்டிருந்த காலமும் அதுதான். அந்த மீம்களைத் தொழிலாளிகளும் போனில் பார்த்தார்கள். வதந்தி விழுந்த இடம் காய்ந்துபோய்த்தான் கிடந்தது.

அந்தக் காலத்தில் பத்திரிகையில் வந்தால் வேதவாக்கு. இப்போது யாரை நம்புவது என்றே தெரியவில்லையே? (வாசகர், மயிலாடுதுறை)

அந்தக் காலம் அவ்வளவு சுத்தமில்லை ஐயா. 1979 மார்ச்சில், இந்திரா காந்தியை எதிர்த்து இயக்கம் நடத்திய தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் (ஜே.பி.) பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் இருந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையிலேயே அறிவித்தார். வானொலியிலும் வந்தது. அவை ஒத்திவைக்கப்பட்டது. ஜே.பி. உயிரோடு இருந்தார், அந்த வருடம் அக்டோபரில்தான் காலமானார். வாட்ஸ்அப் கிடையாது, ஐ.டி. விங் கிடையாது, பிரதமரே சொன்ன செய்தி.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. யார் சொன்னது, யாரிடமிருந்து வந்தது, யார் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று தெரிந்தது. பத்திரிகையில் தப்பு வந்தால் மறுநாள் உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் 'திருத்தம்' போடுவோம். வாசகர் கண்ணில் படாத மூலையாகப் பார்த்துத்தான் போடுவோம், அது நிஜம். இருந்தாலும் போட்டோம். 'தகவல்: வாட்ஸ்அப்' என்று வருகிற செய்திக்கு அந்த மூலைகூடக் கிடையாது. நான் யாரை நம்புவேன் என்றால், போன மாதம் எதையாவது திருத்திக்கொண்டவரை. திருத்தமே போடாத சேனலிடம் எனக்குக் கூடுதல் சந்தேகம்.

நீல டிக் இருந்தால் நம்பலாமா? (கல்லூரி மாணவர், சேலம்)

முன்பு ட்விட்டர் ஆளைச் சரிபார்த்து இலவசமாகக் கொடுத்த டிக்குகளை 2023 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். இப்போது எக்ஸ் தளத்தில் நீல டிக் என்றால், பெரும்பாலும் சந்தா கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கேபிள் டிவிக்கும் சந்தா கட்டுகிறோம்.

ஒரு மெசேஜை ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்யவிடாமல் வாட்ஸ்அப் தடுக்கிறதே, அதனால் ஏதாவது பலன் உண்டா? (வாசகி, திருவண்ணாமலை)

உங்கள் மாவட்டத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று போளூர் பக்கம் வழி விசாரிக்க இறங்கியது. அந்தக் குடும்பத்தில் இருந்த ஒரு மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அவரை அடித்தே கொன்றார்கள். அந்த வருடம் நாடு முழுக்கச் சுற்றிய 'பிள்ளை பிடிக்கிற' வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை அட்டை காட்டும் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

அந்த ஜூலையில் மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஐந்து பேர் கொல்லப்பட்ட பிறகுதான் இந்தியாவில் ஐந்து என்ற வரம்பு வந்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுக்க அதையே வைத்தார்கள். 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறிவந்த, இரட்டை அம்புக்குறி போட்ட மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்றார்கள். அதனால் அத்தகைய மெசேஜ்கள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. பலன் உண்டு, வேகம் குறைகிறது. குறைந்த அந்த நேரத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் ஒருவர் டவுன்லோடு செய்து புதிதாக அனுப்பினால் அம்புக்குறி காணாமல் போய்விடும். என் தெருவில் உள்ள சின்னப் பையனுக்கே இது தெரிகிறது.

அரசாங்கமே உண்மை எது, பொய் எது என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீராதா? (வாசகர், நாகர்கோவில்)

ஜே.பி. கதையை இப்போதுதானே சொன்னேன்.

மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தில் (பி.ஐ.பி.) சரிபார்ப்புப் பிரிவு 2019-லிருந்து இருக்கிறது. 2023-இல் தமிழக அரசும் தகவல் சரிபார்ப்பகம் அமைத்தது. மகளிர் உரிமைத் தொகை பற்றித் தப்பான செய்தி வந்தால் அரசு மறுக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை 'மறுப்பு' என்ற தலைப்பிலேயே வெளியிடலாம். அந்தக் காலத்தில் கலெக்டர் ஆபீஸிலிருந்து வரும் மறுப்பை அப்படித்தான் போடுவோம், வாசகர் இரண்டு பக்கமும் படித்துக்கொள்வார்.

2023-இல் மத்திய அரசு ஒரு படி மேலே போனது. தன் பிரிவு பொய் என்று சொன்ன பதிவைச் சமூக ஊடக நிறுவனங்கள் விட்டுவைத்தால், பிறர் போடும் பதிவுக்கு அவை பொறுப்பல்ல என்ற சட்டப் பாதுகாப்பு போகும் என்ற வகையில் விதியைத் திருத்தியது. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவும் மற்றவர்களும் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்ல, மூன்றாவது நீதிபதியின் கருத்தோடு 2024 செப்டம்பரில் அந்த விதி செல்லாது என்று ஆனது. என்னைக் கேட்டால் சரியான முடிவு. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதையேதான் சொல்வேன். ஒரு கட்சிக்காரர் மட்டும் என்னைத் திட்டி எழுதினால் போதாது, இரண்டு பேரும் எழுதுங்கள்.

ஏ.ஐ. வந்த பிறகு ஆடியோ, வீடியோ எதையும் நம்ப முடியாதா? (வாசகர், விழுப்புரம்)

2024 ஜனவரியில் டி.ஆர். பாலு நூல் வெளியீட்டில் கலைஞர் திரையில் தோன்றிப் பேசினார். அவர் மறைந்தது 2018-இல். அரங்கில் இருந்த எல்லோருக்கும் அது ஏ.ஐ. என்று தெரியும், கைதட்டினார்கள். அதில் ஏமாற்று இல்லை. இரவு பதினொரு மணிக்கு, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், அதே குரல் ஒரு நிமிட ஆடியோவாக வந்தால்தான் சங்கடம். 2024 தேர்தலின்போது, இப்படிப்பட்ட போலிகளைத் தெரிந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. மூன்று மணி நேரத்தில் ஒரு ஆடியோ தமிழ்நாட்டையே சுற்றிவிட்டுத் துபாய்க்கும் போய்வந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023 ஏப்ரலில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் குரல் என்று ஆடியோ வெளியானது. புனையப்பட்டது என்று அவர் மறுத்தார், வெளியிட்டவர்கள் அசல் என்றார்கள். கேட்ட மக்கள் என்ன செய்தார்கள்? அவரவர் கட்சிப்படி அசலாகவும் போலியாகவும் எடுத்துக்கொண்டார்கள். இனி யார் குரல் வெளியானாலும் "ஏ.ஐ." என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ள வசதி வந்துவிட்டது. பொய்யை நம்புவதைவிட இது எனக்கு அதிகக் கவலை தருகிறது.

எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் தேர்தல் நேரத்தில் அரசியல் பேசக் கூடாது என்று அட்மின் தடை போட்டுவிட்டார். இது நியாயமா? (வாசகி, தாம்பரம்)

தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்துகொள்ளும் குரூப் என்றால் அட்மின் பக்கம்தான் நான். அரசியல் பேச மாடியில் இடம் இருக்கிறது, சாயங்காலம் காற்றும் வரும். நேரில் பேசும்போது ஆள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் அடக்கி வாசிப்போம். "இதை எங்கே படித்தீர்கள்?" என்று அங்கேயே கேட்கவும் முடியும். அதற்கு அட்மின் தடை போட்டால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.