வாசல் எத்தனை வேண்டும்?

கேள்வி: 20,000 பேர் வரும் கால்பந்து இறுதிப் போட்டிக்கு வாசல்களை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: வெளியேறுவதிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டிப்படி சமதளத்தில் 1 மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் போகலாம். 8 நிமிடத்தில் எல்லாரும் வெளியேற, படிக்கட்டு வழி என்றால் மொத்தம் 38 மீட்டர் அகலம் தேவை. வழியில் மிகக் குறுகலான இடத்தை அளந்து பாருங்கள். வாசலை மட்டும் அளந்தால் கணக்கு பொய்த்துவிடும். ஒரு வாசல் அடைபட்டாலும் சமாளிக்கும்படி கூடுதல் அகலமும் வேண்டும்.

உள்ளே வரும்போது, ஒவ்வொருவராக உள்ளே விடும் ஒரு சுழல்கதவில் மணிக்கு அதிகபட்சம் 660 பேர். எல்லாரும் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்தால் 31 சுழல்கதவுகள். பை சோதனையை டிக்கெட் சோதனைக்கு முன்பே தனி வரிசையில் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்த வேகம் கிடைக்காது.

ஆபத்து பெரும்பாலும் நெரிசலைத் தணிக்க எடுக்கும் அவசர முடிவில்தான். 1989-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் வெளி நெரிசலைக் குறைக்க ஒரு வாசலைத் திறந்தார்கள். ஏற்கெனவே நிரம்பிய பகுதிக்குப் போகும் சுரங்கவழியை மூடவில்லை. 97 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி எண்ணிக்கை வைத்திருங்கள். ஆட்டத்தைத் தாமதப்படுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் தீர்மானியுங்கள்.