வாவிப் பூதத்துக்கு ஏன் ஒருவரும் அழவில்லை?
மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தின் கீழ் வாழும் உங்கள் கதையின் முதலைப் பூதம் செத்தபோது வாசித்த எவரும் வருந்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பட்டவரை சிக்கல் அதன் முகம். புருவம் நெரிக்கவோ உதடு பிதுக்கவோ முதலைக்குத் தசை கிடையாது. நாம் பழகியதோ பாலூட்டி முகங்களைப் படிக்க. அம்பாறையில் வேளாண்மையை மிதித்த யானையைத் திட்டித் தீர்த்தவரே, குட்டி கிணற்றில் விழுந்தால் கயிற்றோடு ஓடுவார். பெரிய கண்ணும் உருண்ட தலையும் மனத்தை இளக்கும் என்று விலங்கு நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதிவிட்டார்.

அதற்காகப் பூதத்துக்கு மயிர் ஒட்டிவிடாதீர்கள், பொம்மையாகிவிடும்! தாய் முதலை, முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளை வாயில் நோகாமல் கவ்விக்கொண்டுபோய் நீரில் விடும். சாவுக்கு முன்னால் அந்தக் காட்சியை ஒருமுறை காட்டிப் பாருங்கள்.