வறண்ட நிலத்து மண் ஏன் உப்பாகிறது? தண்ணீர் கட்டிக் கழுவினால் சரியாகிவிடுமா?

கழுவினால் தேறும் மண்ணும் உண்டு, கழுவக் கழுவக் கெடும் மண்ணும் உண்டு. எது உங்களுடையது என்று தெரியாமல் தண்ணீர் கட்டாதீர்கள்.

பாறை சிதைந்து மண்ணாகும்போதே உப்பும் வந்துவிடுகிறது. நல்ல மழை பெய்தால் அது கரைந்து ஆற்றோடு போய்விடும். வறண்ட இடத்தில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். பாசனம் இதைக் கூட்டும். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள தண்ணீரை ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு 1000 மில்லிமீட்டர் பாய்ச்சினால், 10 டன் உப்பைக் கொட்டிய கணக்கு!

மணலில் உப்பு சீக்கிரம் கீழே இறங்கிவிடும். வண்டல் கலந்த மண்ணில் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்தடி நீர் மேலேறும். மேலே வெள்ளையாகப் பூக்கும். களிமண்ணில் நீர் இறங்கவே நேரமாகும்.

பேச்சில் உவர், களர் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். உவரில் பிரச்சினை கரையும் உப்பு. வடிகால் இருந்தால் கழுவி வெளியேற்றலாம். களரில் பிரச்சினை களித்துகளில் ஒட்டிய சோடியம். ஈரம் பட்டதும் துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம்தான் அந்தச் சோடியத்தை விரட்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைத் தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் மெதுவாக விட்டு, கலக்காமல் வையுங்கள். உவர் மண் உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். களர் மண்ணென்றால் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் புகையாகப் பரவும். மறுநாளும் தெளியாது.

இதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். என் டம்ளர் தெளிவாக இருந்தது. உவர்தானே என்று நாலைந்து முறை தண்ணீர் கட்டினேன். முதலில் நன்றாக இறங்கியது, அப்புறம் குட்டையாகத் தேங்கியது. காய்ந்ததும் மேல்மண் ஓடுபோல் இறுகி, விதை முளைத்து மேலே வர முடியவில்லை. இரண்டும் கலந்த மண் அது. அதிலிருந்த உப்புதான் துகள்களைப் பிரியவிடாமல் சேர்த்துப் பிடித்திருந்தது. உப்பைக் கழுவினேன், களர் வெளியே வந்துவிட்டது.

ஜிப்சத்தை முதலில் கலந்துவிட்டு அப்புறம் தண்ணீர் கட்டியிருக்க வேண்டும். அதனால் டம்ளர் தெளிவாக இருந்தாலும் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மட்டும் போதாது, களித்துகளில் ஒட்டியிருக்கும் கால்சியம், சோடியம் போன்றவற்றில் சோடியம் எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கள். அது 15-க்கு மேல் இருந்தால் ஜிப்சம் இல்லாமல் கழுவ வேண்டாம்.