சக்கரம் வாங்கலாமா அக்கா?

அக்கா, எட்டு வாரம் வீக்கெண்ட் பாட்டரி க்ளாஸ் போய் முடிச்சேன். நாலு பவுலும் ஒரு கப்பும் வந்துது, வீட்ல எல்லாரும் மெச்சினாங்க. க்ளாஸ் முடிஞ்சு அதே ஸ்டூடியோவுல தனியா உட்கார்ந்தா மண்ணு நடுவுல நிக்கவே மாட்டேங்குது. பேசாம எலக்ட்ரிக் வீல் ஒண்ணு வாங்கி பால்கனியில போட்டுடலாம்னு பாக்கறேன், வீட்டுக்காரர் முறைக்கிறாரு. வாங்கலாமா?
- வாசகி, நங்கநல்லூர்

இந்த ஒரு தடவை நான் உங்க வீட்டுக்காரர் கட்சி. வீல் வாங்கிடுவீங்க சரி, சுடறதுக்கு எங்க போவீங்க? ஸ்டோன்வேர்னு கல்லு மாதிரி கெட்டியாகிற மண்ணுன்னா முதல் சூடு கிட்டத்தட்ட 1000 டிகிரி, க்ளேஸ், அதாவது கண்ணாடி மாதிரி மேல்பூச்சு, போட்டு மறுபடி 1200க்கு மேல. அப்ப சுடாத பானைய மடியில வெச்சுக்கிட்டு ஆட்டோல போகணும், காஞ்ச பச்சப் பானை அப்பளம் மாதிரி, நம்ம ரோட்டுப் பள்ளத்துக்கு வேளச்சேரி தாண்டறதுக்குள்ள தூளாயிடும். அந்தக் காச வெச்சு ஸ்டூடியோல மணிக்கணக்குல வீல் எடுங்க, வாரம் ரெண்டு தடவை, ஆறு மாசம். சேரும்போதே சுடறதுக்கு தனியா காசு எவ்வளவுன்னு கேட்டுடுங்க, அங்கதான் பில்லு ஏறும்.

இன்னொண்ணு, கோச்சுக்காதீங்க. அந்த நாலு பவுலும் பாதி வீல் பண்ணினது. சுத்தற வேகத்துக்கு மண்ணு தானாவே வெளிப்பக்கம் விரியும், அதனால பவுல் சுலபமா வந்துடும், நேரா மேல ஏத்தறதுதான் கஷ்டம். அதனால ஒரு மாசம் பவுல் கிடையாது, சிலிண்டர் மட்டும். மண்ண அரை அரை கிலோவா நிறுத்து பத்து உருண்டை வெச்சுக்கோங்க, ஒவ்வொண்ணா ஏத்துங்க, ஏத்தி முடிச்சதும் கம்பியால நடுவுல ரெண்டா அறுத்துப் பாருங்க. அடியில தடியா மேல காகிதமா இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். எங்க தடியா நிக்குதோ அங்கதான் அடுத்ததுல விரல் அழுத்தணும். ஒண்ணையும் வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, எனக்கு முதல்ல அறுக்கவே மனசு வரல, மூணாவது வாரம் பழகிடுச்சு.

சென்டரிங், அதாவது மண்ண நடுவுல நிறுத்தறது, வராததுக்கு காரணம், க்ளாஸ்ல உங்க கைமேல சாரோட கை இருந்துது. முழங்கைய தொடையில ஊனிக்கோங்க, விரலால தள்ளாம உடம்ப சாய்ச்சு தள்ளுங்க, வேகமா சுத்த விடுங்க. மண்ணு நடுவுக்கு வந்ததும் கைய வெடுக்குனு எடுத்துடாதீங்க, பாதி பேருக்கு அங்கதான் போகுது. மெதுவா எடுங்க. மேல இழுக்கும்போது வேகத்த குறைச்சிடணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை முட்டுக்காடு தக்ஷிணசித்ரா மியூசியம் போய், அங்க சக்கரத்துல பானை பண்றவங்க இருந்தா பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. நாம ஒவ்வொண்ணுக்கும் புது உருண்டை வெச்சு சென்டர் பண்ணி சாகறோம், நம்ம ஊர் குயவர்ங்க பெரிய குவியலா மண்ண வெச்சுட்டு உச்சியில மட்டும் திரட்டி ஒண்ணொண்ணா அறுத்து எடுப்பாங்க. கை நல்லா படிஞ்சப்புறம் பாண்டிச்சேரி பக்கம் போகலாம், ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971ல கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி ஆரம்பிச்சது அங்கதான், அதுலேர்ந்து அந்த ஊர் முழுக்க பாட்டரி ஸ்டூடியோதான்.

போன ஐப்பசியில என் மக் சூளையில வெடிச்சு பக்கத்துல இருந்தவங்க பானையும் போச்சு. உள்ள காத்துக்குமிழி இருந்திருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. நான் மண்ணு நல்லாத்தானே பிசைஞ்சேன்?
- வாசகர், அம்பத்தூர்

பாவம் குமிழி, எல்லாப் பழியும் அது தலையில. பெரும்பாலும் ஈரம்தான் சார் வில்லன். உள்ள தங்கின தண்ணி 100 டிகிரி தாண்டினதும் ஆவியாகி வெளிய வர வழியில்லாம ஒடைச்சிட்டு வரும். நம்ம ஊர் மழை மாசத்துல மேல காஞ்ச மாதிரி தெரியும், தடியான அடி மட்டும் ஊறிக்கிட்டே கிடக்கும். அடிய கன்னத்துல வெச்சுப் பாருங்க, சில்லுனு இருந்தா இன்னும் காயல. நானும் ஒரு கார்த்திகைல அவசரப்பட்டு சூளையில ஒரு தட்டு முழுக்க இருந்த பானைய தொலைச்சவதான். சித்திரை வெயில்ல இதுக்கு நேர் எதிர், ஃபேனுக்கு கீழ வெச்சா விளிம்பு சீக்கிரம் காஞ்சு கோணிக்கும், துணிக்கடை கவர் ஒண்ண மேல தளர்வா போட்டு மூடி வைங்க.

மண்ணு கைய கிச்சன் சிங்க்ல கழுவலாமா?
- வாசகி, பெரம்பூர்

கூடவே கூடாது, ப்ளம்பருக்குத்தான் யோகம். பக்கெட்ல கழுவுங்க, ராத்திரி மண்ணு அடியில தங்கிடும், காலைல தெளிஞ்ச தண்ணிய செடிக்கு ஊத்திட்டு மண்ண மறுபடி பிசைஞ்சுக்கலாம்.