நாய் வண்டிகிட்ட உக்காந்தா நீங்க குற்றவாளி ஆயிட மாட்டீங்க

கேள்வி: செகண்ட்ஹேண்ட்ல வாங்குன குட்டியானை (டாடா ஏஸ்) வண்டி சார், ஆர்சி இன்னும் பழைய ஓனர் பேர்லதான் இருக்கு. சென்னை மூலக்கடை செக்கிங்ல கஞ்சா மோப்பம் புடிக்கிற போலீஸ் நாய் பின்சக்கரத்துகிட்ட உக்காந்துடுச்சு. கழட்டிப் பாத்தாங்க, ஒண்ணும் கிடைக்கல, ஆனா வண்டிய ஸ்டேஷன்ல போட்டுட்டாங்க. ஒருத்தர் 20 ஆயிரம் குடுத்தா 'நாய் கிளியரன்ஸ்' வாங்கித் தரேங்குறார். குடுக்கலாமா?

பதில்: தம்பி, மொதல்ல அந்தாள் நம்பர பிளாக் பண்ணுங்க. நாய் கிளியரன்ஸ்னு ஒரு பேப்பரே கிடையாது. ஸ்டேஷன் வாசல் டீக்கடையில நின்னுக்கிட்டு 'ரைட்டர் நம்மாளுதான்'னு பேசுற கூட்டம் இது, நேத்து ஆர்டிஓ புரோக்கர், இன்னைக்கு நாய் புரோக்கர், காசு கைமாறினதும் போன் ஸ்விட்ச் ஆஃப்.

நாய் உக்காந்துச்சுன்னா அங்க வாசனை இருக்குன்னு அர்த்தம், பொருள் இருக்குன்னு இல்ல. கஞ்சாவ எடுத்துட்டாலும் வாசம் கொஞ்ச நாள் நிக்கும், பழைய ஓனர் என்ன லோடு அடிச்சாரோ உங்களுக்கு எப்படித் தெரியும்? செங்குன்றம் ரோட்டுல ஆந்திரா பக்கத்துலேர்ந்து கஞ்சா வருதுன்னுதான் இவ்ளோ செக்கிங்கும். நாய் மோப்பம் விசாரணைக்கு உதவும், அத மட்டும் ஆதாரமா எடுத்துக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2008லயே சொல்லிடுச்சு. நாயைக் கூண்டுல ஏத்தி குறுக்கு விசாரணை பண்ண முடியுமா என்ன!

நிறைய பேர் குழம்புறது ஒண்ணு, மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சோதிக்கச் சொல்லிக் கேக்குற உரிமை. அது போதைப்பொருள் சட்டம் 50வது பிரிவு, உடம்ப சோதிக்கிறதுக்கு மட்டும்தான். வண்டிக்குக் கிடையாது, சீட்டுக்கடியில இருக்குற பைக்குக் கிடையாது, ஏன் உங்க கையில புடிச்சிருக்குற பைக்குக்கூட கிடையாது, 2005லயும் 2023லயும் சுப்ரீம் கோர்ட் இதையேதான் சொன்னுச்சு. சட்டைப்பையில கைவிட்டாதான் அந்தப் பேச்சே. அதனால ரோட்டுல நின்னு 'மாஜிஸ்ட்ரேட் எங்க'ன்னு கத்தி வேற கேஸ் வாங்கிக்காதீங்க.

சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கணும்னு 2024 ஜூலைலேர்ந்து சட்டம் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ், 105வது பிரிவு), கேட்டா போலீஸ்காரர் 'செல்லுல சார்ஜ் இல்ல'ங்குறார், இதுக்கு என்ன சொல்றது. சந்தேகத்துல வண்டிய எடுத்து வெச்சா உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்கு ரிப்போர்ட் போயிருக்கணும். ரிப்போர்ட் போச்சா, மகஜர்ல (சோதனை, பறிமுதல் பத்தி அந்த இடத்துல எழுதுற பேப்பர்) என்ன எழுதியிருக்குன்னு எழுத்துல கேளுங்க, வெத்துப் பேப்பர்ல மட்டும் கையெழுத்து போட்ராதீங்க. அப்புறம் வக்கீல் வெச்சு அதே பிஎன்எஸ்எஸ் 503வது பிரிவுல வண்டியத் திருப்பிக் கேட்டு மனு போடணும்.

கோர்ட்ல மொதல்ல கேக்குறது ஆர்சி யார் பேர்லன்னுதான். அதனால இன்னைக்கே பழைய ஓனரப் புடிங்க, வித்த பேப்பர், பணம் குடுத்த கணக்கு எல்லாம் எடுத்து வைங்க. அவர் வந்து கையெழுத்து போடலன்னா வண்டி அங்கயே துருப்பிடிச்சுக்கிட்டு நிக்க வாய்ப்பு இருக்கு.