தண்ணீர்ப் பக்கம்: உப்பு போடும் மெஷினா, உப்பில்லாத மெஷினா?

கேள்வி: அம்மா, மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டிக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. போர் தண்ணீர்தான். அதற்குள் கீசர் காயில் இரண்டு முறை போய்விட்டது. பாத்ரூம் டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. தலைக்குக் குளித்தால் முடி நார் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு கடைக்காரர் உப்பு போடும் சாஃப்ட்னர் வாங்கச் சொல்கிறார்; 25 லிட்டர் ரெசின், மாதம் ஒரு தடவை உப்பு போட்டால் போதுமாம். இன்னொருவர் 'சால்ட் ஃப்ரீ' மெஷின்தான் நல்லது, பராமரிப்பே கிடையாது, தண்ணீரில் உப்பே இருக்காது என்கிறார். மாமியாருக்கு பிபி இருப்பதால் உப்பு மெஷின் என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் ஐந்து பேர். பரிசோதனை ரிப்போர்ட் (லிட்டருக்கு மில்லிகிராமில்): கடினத்தன்மை 520, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்) 1100, குளோரைடு 260, இரும்பு 0.1. எதை வாங்குவது?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ரிப்போர்ட்டோடு எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. மெஷினை வாங்கி மாட்டிவிட்டு அப்புறம் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொண்டுவருபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், 'உப்பு' என்ற சொல்லில். நம் பக்கத்தில் கீசரில் வெள்ளையாகப் படிவதையும் உப்பு என்கிறோம். கடலோரக் கிணற்றில் வாயில் வைக்க முடியாமல் கரிக்கிறதே, அதுவும் உப்பு. மெஷினில் கொட்டும் கல்லுப்பும் உப்பு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கீசரில் படிவது கால்சியமும் மக்னீசியமும்; ரிப்போர்ட்டில் கடினத்தன்மை என்று வருவது இவைதான். நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு; மெஷினில் கொட்டும் கல்லுப்பும் அதேதான். 'சால்ட் ஃப்ரீ' என்றால் கல்லுப்பு போட வேண்டாத மெஷின் என்று மட்டும்தான் அர்த்தம். தண்ணீரில் உப்பே இருக்காது என்று உங்களிடம் சொன்னது தவறு. அந்த மெஷின் தண்ணீரிலிருந்து எதையும் எடுப்பதில்லை.

இதை என் கையாலேயே பார்த்திருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் 19 வருடம் வேலை பார்த்தேன். ஒருவர் தன் வீட்டில் புதிதாக மாட்டிய சால்ட் ஃப்ரீ மெஷினுக்கு முன்னால் பிடித்த தண்ணீரையும் பின்னால் பிடித்த தண்ணீரையும் இரண்டு பாட்டிலில் கொண்டுவந்தார். கடினத்தன்மையை அளக்க, 50 மில்லி தண்ணீரில் சாயத்தைப் போட்டால் திராட்சைச் சாறு போலச் சிவக்கும். பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு மங்கி, ஊதாவாகி, ஒரே ஒரு சொட்டில் சட்டென்று நீலமாகும். அங்கே நிறுத்திவிட வேண்டும். உங்கள் தண்ணீர் என்றால் 26 மில்லியில் நீலமாகும், அதுதான் 520. அவர் கொண்டுவந்த இரண்டு பாட்டிலும் ஒரே அளவில் நீலமாயின. ஏமாந்துவிட்டேன் என்று அவர் கொதித்துப் போனார். உட்காரவைத்து விளக்க வேண்டியிருந்தது. அவர் ஏமாறவில்லை. அந்த மெஷின் வேலை செய்வதே அப்படித்தான்.

டிஏசி என்று சொல்லும் வகை அது. உருளைக்குள் ஒரு சிறப்பு மணி இருக்கும். கால்சியம் அதன் மேல் ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகமாகி, உதிர்ந்து தண்ணீரோடு போய்விடும். ஏற்கெனவே படிகமாகிவிட்டதால் கீசர் காயிலில் ஒட்டிக்கொள்ளும் ஆசை அதற்குக் குறைந்துவிடுகிறது. கால்சியம் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, ஒட்டுவதுதான் குறைகிறது. ஆகவே காயிலுக்கும் குழாய்க்கும் நல்லது. சோப்பு நுரை அதிகமாகாது. டைல்ஸில் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வரத்தான் செய்யும். துடைத்தால் கொஞ்சம் சுலபமாகப் போகும். உங்கள் முடி அப்படியேதான் இருக்கும்.

உப்பு போடும் சாஃப்ட்னர் கால்சியத்தை நிஜமாகவே எடுத்துவிடுகிறது. ஒரு முறை சிலிண்டரைத் திறந்து கொஞ்சம் ரெசினை, அதாவது உள்ளே இருக்கும் சின்னச் சின்ன மணிகளை, உள்ளங்கையில் கொட்டச் சொல்லிப் பாருங்கள். பொன்னிறத்தில், ஈரமாக, மீன் சினை மாதிரி உருளும். ஒவ்வொரு மணியும் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கடின நீர் ஓடும்போது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். மணிகள் எல்லாம் கால்சியத்தால் நிறைந்தபின் அடர்த்தியான உப்புக் கரைசலை ஓட விட்டால் கால்சியம் கழன்று சாக்கடைக்குப் போய், மறுபடி சோடியம் ஏறிக்கொள்ளும். கல்லுப்பு வேண்டியிருப்பது இதற்குத்தான்.

சரி, மாதம் ஒரு தடவை என்றார் அல்லவா? கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைத் தாங்கும். 25 லிட்டருக்கு 1250 கிராம். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 0.52 கிராம் இருக்கிறது. வகுத்தால் 2400 லிட்டர். குளிக்க, துவைக்க மட்டும் ஒரு நாளைக்கு 500 லிட்டர் என்று வைத்தாலும் ஐந்து நாளில் தீர்ந்துவிடும். மாதத்துக்கு ஆறு தடவை, தடவைக்கு நாலு கிலோ அளவில் உப்பு. மொத்தம் 24 கிலோ. அவர் சொன்ன கணக்கு கடினத்தன்மை நூறுக்கும் கீழே உள்ள வீட்டுக்குச் சரி. உங்கள் வீட்டுக்கு இல்லை. கையால் வால்வு திருப்பும் மாடல் வாங்கினால் ஆறு தடவையும் யாராவது ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டும். ஒரு வாரம் மறந்தால் கடின நீர் அப்படியே கீசருக்குப் போகும். ஓடிய லிட்டரை எண்ணித் தானாகக் கழுவிக்கொள்ளும் வால்வு உள்ளதாகப் பாருங்கள்.

மாமியாரின் பிபி பற்றி. பயம் நியாயமானதுதான். 100 கடினத்தன்மையை எடுக்க லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் ஏறுகிறது. 520-ஐ 80-க்கு இறக்கினால் ஏறத்தாழ 200 மில்லிகிராம். இரண்டு லிட்டர் குடித்தால் 400. ஒரு நாளைக்கு மொத்தமே 2000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது ஐந்து கிராம் உப்பு. அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரிலேயே போய்விடும். ஆனால் இதற்கு வழி சுலபம்: சமையலறைக் குழாயை சாஃப்ட்னர் லைனில் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே ஆர்ஓ இருந்தால், அது சோடியத்தையும் பெரும்பகுதி எடுத்துவிடும். குளிக்கிற தண்ணீரில் உள்ள சோடியத்தைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை.

என் முடிவு: உங்களுக்குத் தொந்தரவு கீசர் மட்டும் இல்லை, முடியும் டைல்ஸும் சேர்ந்திருக்கின்றன. கடினத்தன்மையும் 520. டிஏசி மெஷின்களுக்கு இத்தனை கடினத்தன்மை வரைதான் என்று ஒரு எல்லையும் உண்டு. ஆகவே உங்கள் வீட்டுக்கு சாஃப்ட்னர்தான். பாத்ரூமுக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும். ஃப்ளஷ், தோட்டம், சமையலறை மூன்றும் பழைய லைனிலேயே இருக்கட்டும். இந்திய தர நிர்ணயத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவே 200 வரை இருக்கிறது. பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. கொஞ்சம் பழைய தண்ணீரைக் கலந்து 80, 100-ல் நிறுத்துங்கள், உப்பும் மிச்சமாகும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கழுவிய உப்புத் தண்ணீரை வீட்டு உறிஞ்சுகுழியில் விடாதீர்கள். மாதம் 24 கிலோ என்றால் வருடத்துக்கு கால் டன்னுக்கும் மேல். பக்கத்திலேயே உங்கள் போர், பக்கத்து வீட்டு போர். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் அதில் இணையுங்கள். இல்லாத தெருவில் நான் சாஃப்ட்னர் வைக்கச் சொல்ல மாட்டேன். கீசரை மட்டும் காப்பாற்ற சால்ட் ஃப்ரீ போதும் என்று சமாதானமாகிவிடுவதே மேல்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரக்காணம் பக்கம் வாங்கும் கழுவாத கல்லுப்பு மலிவுதான். ஆனால் அதில் வரும் மண் தொட்டியின் அடியில் சேறாகத் தங்கி வால்வை அடைக்கும். கழுவிய கல்லுப்பே வாங்குங்கள். தூள் உப்பு வேண்டாம், கட்டிப் பிடித்துவிடும்.

கேள்வி: லாஸ்பேட்டையில் அப்பார்ட்மெண்ட். குழாய்த் தண்ணீர், கடினத்தன்மை 190. நானும் மனைவியும் மட்டும். கீசர் கெடாமல் இருந்தால் போதும். குழாயில் மாட்டும் காந்தம், பாஸ்பேட் உருண்டை, டிஏசி என்று மூன்று சொல்கிறார்கள். எது சரி?
வாசகர், புதுச்சேரி

பதில்: தம்பி, 190-க்கு நீங்கள் எதுவும் வாங்காமலே இருக்கலாம். கீசரின் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏறத்தான் சுண்ணாம்பு அதிகம் படியும். வருடத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்து காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் நேரமில்லை, ஏதாவது மாட்டத்தான் வேண்டும் என்றால் டிஏசி. குளோரின் போட்ட தண்ணீர் என்பதால் முன்னால் ஒரு கார்பன் ஃபில்டர் இருக்க வேண்டும். பராமரிப்பே இல்லை என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் மணியைச் சில வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். எத்தனை வருடம், எத்தனை கடினத்தன்மை வரை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பாஸ்பேட் உருண்டை மெல்ல மெல்லக் கரைந்து கால்சியத்தைப் படியவிடாமல் பிடித்துக்கொள்ளும். வாஷிங் மெஷினுக்குப் பரவாயில்லை. நல்ல சூட்டில் அதன் பிடி தளர்ந்துவிடும். உருண்டை கரைந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். காந்தத்துக்கு நான் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலேயே ஒருவர் வந்து மாட்டினார். ஒன்றரை வருடத்தில் காயிலைக் கழற்றினபோது முட்டை ஓடு மாதிரி தகடு தகடாக உதிர்ந்தது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் காந்தத்தைப் பற்றி நடந்த ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

கேள்வி: வீராம்பட்டினத்தில் எங்கள் போர் தண்ணீர் சில வருடமாகக் கரிக்கிறது. டிடிஎஸ் 3100, குளோரைடு 1350, கடினத்தன்மை 800. குழாயெல்லாம் துருப்பிடிக்கிறது. பெரிய சாஃப்ட்னர் போட்டால் சரியாகும் என்கிறார்களே?
வாசகர், வீராம்பட்டினம்

பதில்: ஆகாது. தயவுசெய்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மேலே மஞ்சக்குப்பம் அம்மாவுக்குச் சொன்ன மூன்று உப்பில் உங்களுடையது நாக்கில் கரிக்கும் உப்பு. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைத்தான் கொடுக்கும். குளோரைடைத் தொடவே தொடாது. டிடிஎஸ் குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யும். குழாயை அரிப்பது அந்தக் குளோரைடுதான். சால்ட் ஃப்ரீ மெஷினும் உதவாது.

உங்கள் போரில் கடல் ஏறுகிறது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் நிற்கும். மேலே அந்த ஒரு மீட்டரை அரை மீட்டராக இறைத்துவிட்டால் அடியில் 20 மீட்டர் போய்விடும். போரை இன்னும் ஆழமாக்கினால் உப்பை நோக்கித்தான் இறங்குவீர்கள். மீனவர் குப்பங்களில் மணலில் இடுப்பளவு ஊற்றுத் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துக் குடிப்பார்களே, அந்த முறைக்குப் பின்னால் இருப்பது இந்த அறிவுதான். புதுச்சேரி நகரத்துக்கே நல்ல தண்ணீர் உள்ளே தள்ளியிருக்கும் முத்திரையர்பாளையத்திலிருந்துதான் வந்தது. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவாகக் கட்டியது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி: ஆழம் குறைந்த கிணறு, சின்ன மோட்டார், விட்டுவிட்டு இறைப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் மண்ணில் இறக்குங்கள்: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1000 லிட்டர். குடிக்க மட்டும் குழாய்த் தண்ணீரோ ஆர்ஓவோ. வீடு முழுவதற்கும் ஆர்ஓ போட்டால் அது கழித்துவிடும் உப்பும் உங்கள் மண்ணுக்கே திரும்பிவரும்.

கேள்வி: சாஃப்ட்னர் போட்டபின் குளித்தால் சோப்பு போகாத மாதிரி வழவழவென்று இருக்கிறது. ஏதாவது கோளாறா? மெஷின் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கோளாறு இல்லை. கடின நீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து அழுக்குப் படலமாகி உடம்பில் ஒட்டும். அந்தச் சொரசொரப்பையே சுத்தம் என்று இத்தனை நாள் பழகிவிட்டோம். இப்போது சோப்பைப் பாதியாகக் குறையுங்கள், சரியாகிவிடும்.

ஒரே மாதிரி இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சாஃப்ட்னர் தண்ணீர், இன்னொன்றில் பழைய போர் தண்ணீர். பாதி பாதி நிரப்பி, சுண்டுவிரல் நகம் அளவு சாதாரணச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். ஷாம்பூவோ பாத்திரம் தேய்க்கும் திரவமோ வேண்டாம், அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். நல்ல தண்ணீரில் நுரை கழுத்து வரை ஏறி நிற்கும், அடியில் தெளிவாக இருக்கும். கடின நீரில் மோர் திரிந்தது போலத் திரிதிரியாக மிதக்கும். இரண்டு பாட்டிலிலும் திரி மிதந்தால் ரெசின் தீர்ந்துவிட்டது. அன்றைக்கே உப்பு போட்டுக் கழுவிவிட்டு, மறுபடி ஒரு தடவை குலுக்கிப் பாருங்கள்.