499 ரூபாய் 'கீ' உங்களைக் காப்பாற்றாது

கேள்வி: அருப்புக்கோட்டையில் சிறிய டிடிபி மையம் (கம்ப்யூட்டரில் அச்சுக்கு வடிவமைத்துக் கொடுக்கும் கடை) நடத்துகிறேன். மூன்று கம்ப்யூட்டர்கள், இரண்டு அசெம்பிள் செய்தவை, ஒன்று ஏதோ கம்பெனியில் கழித்துவிட்டதைப் பழைய விலைக்கு வாங்கியது. விண்டோஸ், கோரல்டிரா, போட்டோஷாப், பேஜ்மேக்கர் எல்லாவற்றையும் கடைக்காரரே போட்டுக் கொடுத்தார். போன வாரம் ஒருவர் வந்து, "சாப்ட்வேர் கம்பெனி ரெய்டு வரப்போகிறது, 40,000 ரூபாய் கொடுத்தால் பேசி முடித்துவிடலாம்" என்றார். இணையத்தில் 499 ரூபாய்க்கு ஒரிஜினல் விண்டோஸ் கீ கிடைக்கிறது. அதை வாங்கிப் போட்டால் போதுமா? வாடகை போக மாதம் 18,000 ரூபாய்தான் எனக்கு மிஞ்சுகிறது.

பதில்: சகோதரி, முதலில் அந்த ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிறுவனம் நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் வழக்கறிஞர் நோட்டீஸ் வரும். அல்லது நீதிமன்றம் நியமித்த ஆணையர் உத்தரவு நகலோடு வருவார். புகார் போயிருந்தால் போலீஸ் வரும். பதிப்புரிமைச் சட்டத்தின் 64-வது பிரிவின்படி கைப்பற்றும் அதிகாரம் சப்-இன்ஸ்பெக்டருக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும்தான். தனியாக வந்து, அடையாள அட்டை காட்டாமல், ரொக்கமாகக் கேட்பவர் இதில் எந்த வகையிலும் சேரமாட்டார். அடுத்த முறை வந்தால், "எழுத்தில் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். சிறு அச்சகங்களுக்கு லைசென்ஸ் விஷயத்தில் ஆலோசனை சொல்லி வரும் எனக்கு இந்த ஆசாமிகள் புதியவர்கள் அல்ல. ஒரு கடையில் பணம் வாங்கிப்போனவர், நாலு மாதம் கழித்து அதே கதையோடு திரும்பி வந்தார். முதலில் கொடுத்ததற்கு ரசீது ஏது?

ஆனால் அவர் பொய்யர் என்பதால் உங்கள் நிலை பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்றொரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. தொழிலுக்காக இல்லாமல் வீட்டில் பயன்படுத்தியவருக்குச் சிறை இல்லாமல் விட நீதிபதிக்கு இடம் உண்டு. கல்யாணப் பத்திரிகை அடித்துக் காசு வாங்கும் உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தக் கேள்வியை எனக்கு எழுதிய பிறகு "தெரியாது" என்றும் சொல்ல முடியாது.

இனி 499 ரூபாய் கீ. நீங்கள் வாங்க வேண்டியது பயன்படுத்தும் உரிமை; கீ என்பது அந்த உரிமையோடு வரும் எண் வரிசை, அவ்வளவுதான். பெரிய நிறுவனங்களும் கல்லூரிகளும் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குச் சேர்த்து வாங்கும் கீ வெளியே கசிந்தால், அதைத்தான் இப்படிச் சில்லறையாக விற்கிறார்கள். போட்ட அன்று வேலை செய்யும். அதே கீயை ஆயிரம் பேருக்கு விற்றது தெரிந்து நிறுவனம் முடக்கும் நாளில் விற்றவரின் போன் அணைந்திருக்கும். ஜிஎஸ்டி எண்ணும் உங்கள் கடைப் பெயரும் போட்ட பில் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். உரிமை இல்லாமலே செயல்பட வைக்க, 'ஆக்டிவேட்டர்' என்ற பெயரில் கடைக்காரர்கள் ஓட்டும் நிரல் இதைவிட மோசம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்கிறது என்றால் எதற்காக என்று யோசியுங்கள். நீங்கள் வங்கிக் கணக்கு பார்ப்பதும் அதே கம்ப்யூட்டரில்தானே.

அந்தப் பழைய கம்பெனி கம்ப்யூட்டர்தான் உங்களுக்கு நல்ல செய்தி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் கையில் உரிமை இருந்தும் தெரியாமல் திருட்டு நகலை ஓட்டுகிறார்கள். பெரிய நிறுவனத் தயாரிப்புகள் பெரும்பாலும் விண்டோஸ் உரிமையோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகின்றன. அந்த உரிமை மதர்போர்டோடு ஒட்டியது. கம்ப்யூட்டர் கை மாறினால் அதுவும் சேர்ந்தே மாறும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து கீயை மதர்போர்டின் சிப்பிலேயே பதித்து அனுப்புகிறார்கள். அதற்கு முந்தையது என்றால் பெட்டியின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் கடைக்காரர் இதைப் பார்க்காமல், எல்லாருக்கும் போடும், பெரிய நிறுவனங்களுக்கான 'என்டர்பிரைஸ்' பதிப்பைப் போட்டிருப்பார். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை வழியாகச் செயல்படுகிறது என்ற வாசகம் இருந்தால், மூன்று கம்ப்யூட்டர் கடைக்கு அப்படி ஒரு சேவை எங்கிருந்து வந்தது? கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, சிப்பில் எந்தப் பதிப்பு பதிந்திருக்கிறதோ அதையே, பெரும்பாலும் 'புரோ'வாக இருக்கும், மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாக நிறுவினால் கீ கேட்காமலே அது செயல்படும். மதர்போர்டை மாற்றியிருந்தால் உரிமை போய்விட்டது. பழுதானதால் தயாரிப்பு நிறுவனமே மாற்றித் தந்திருந்தால் போகாது. தெருமுனைக் கடையில் மாற்றியதற்கு இது பொருந்தாது. ஸ்டிக்கரை உரித்து வேறு பெட்டியில் ஒட்டினாலும் பொருந்தாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்காவிட்டால் அதில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டு பில் அடிக்கவும் டைப்பிங் வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

உங்களைத் திருடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க அலுவலகத்தின் வருமானத்தை மனதில் வைத்துப் போட்ட விலையை அருப்புக்கோட்டைக் கடையிடமும் கேட்டால் என்ன நடக்கும்? 2017-இல் இந்தியக் கம்ப்யூட்டர்களில் இருந்த மென்பொருளில் 56 சதவீதம் உரிமம் இல்லாதது என்று மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ-வே கணக்குச் சொன்னது. இத்தனை பேரையும் குற்றவாளி ஆக்கும் விலையை ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை? திருட்டு நகலை நிறுவிக் காசு பார்த்தவர் நிம்மதியாக இருக்கிறார். பயத்தில் தூங்காமல் இருப்பது நீங்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய மென்பொருளில், படித்து வளர்கிறார்கள். நம் பயிற்சி மையங்கள் பலவற்றில் இன்னும் பேஜ்மேக்கர்தான் பாடம். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல்! அதைக் கற்றுக்கொண்டு வரும் பெண் வேறு எதில் வேலை செய்வாள்?

பேஜ்மேக்கரை விட முடியாமல் உங்களைக் கட்டிப்போட்டிருப்பது எழுத்துருதான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'தமிழ்' என்று அடிக்க நீங்கள் தட்டுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில விசைகளை. எழுத்துருவை மாற்றிய நிமிடம் திரையில் அந்த ஐந்தும் அப்படியே நிற்கும். பழைய கோப்புகள் எல்லாம் இந்தக் கதிதான். எனவே எந்த எழுத்துருவிலும் தமிழ் தமிழாகவே நிற்கும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாறுங்கள். பழைய வாசகங்களை இலவச மாற்றிகள் மாற்றித் தரும். தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் விசைப்பலகையையும் இலவசமாகவே தருகிறது. முக்த மலர், கேட்டமரான் போன்ற எழுத்துருக்களும் தொழிலுக்குப் பயன்படுத்தத் தடையில்லாதவை. எழுத்துருவும் மென்பொருள்தான், அதிலும் திருட்டு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்று கம்ப்யூட்டரிலும் எல்லாம் வேண்டும் என்ற பழக்கத்தை விடுங்கள். வாடிக்கையாளர் கோரல் கோப்பாகவே கேட்கும் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் கோரல்டிரா உரிமம் வாங்குங்கள். கடைப் பெயரில் பில் வாங்கி, ஜிஎஸ்டியில் முறையாகப் பதிந்திருந்தால், 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருந்தால் கழிக்க முடியாது. மாணவர் பதிப்பு மலிவு என்று யாராவது ஆசை காட்டினால் வாங்காதீர்கள், அதைத் தொழிலுக்குப் பயன்படுத்த உரிமை இல்லை. மற்ற இரண்டிலும் இலவச மென்பொருள்கள் போதும்: டைப்பிங்குக்கு லிப்ரே ஆபிஸ், வரைய இங்க்ஸ்கேப், படங்களைத் திருத்த கிம்ப், பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ். இங்க்ஸ்கேப்பில் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை) வண்ணப் பிரிப்பு சரிவராது. அதில் வரைந்ததை ஸ்கிரைபஸுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பிடிஎஃப் எடுங்கள். தமிழ் கூட்டெழுத்து சிதையாமல் வர ஸ்கிரைபஸ் 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

முகூர்த்த மாதம் தொடங்கும் முன்பே ஒரு பழைய பத்திரிகையை இந்த வழியில் புதிதாக வடிவமைத்து, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் சிவகாசி ஆப்செட்டுக்கு அனுப்பி ஒரு தாள் ஓட்டச் சொல்லுங்கள். மஞ்சளும் குங்கும நிறமும் சரியாக வந்திருக்கிறதா என்று கையில் வைத்துப் பார்த்த பிறகு பழைய போட்டோஷாப்பை அழிக்கலாம். இடையில் உண்மையான நோட்டீஸ் வந்துவிட்டால் எதையும் அழிக்காதீர்கள், அது சாட்சியத்தை மறைத்ததாகிவிடும். அன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.